இருபத்து நான்காம் தேதிவரை ரகசியம்

ஸ்வென்போர்க் துறைமுகத்தில் கார் ஏற்றும் படகுக்கு சிஸல்தான் கேப்டன். இன்றைக்கும் சிலர் அவளை உற்றுப் பார்த்து, "நீங்க அந்தத் தூட்டிதானே?" என்று கேட்பார்கள். "ஆமா, வளந்துட்டேன். கார் பிரேக்கைப் போடுங்க," என்பாள். குழந்தைகள் தொடர்கள் மூன்றில் நடித்துவிட்டு, பதினான்கு வயதில் சந்தோஷமாக விலகியவள். நடிப்பைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட அவளிடம் பிடுங்க முடியாது. அதனால் நான் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்த மைக்கன் நான். எனக்கு உரிமை உண்டு.

எங்கள் டென்மார்க்கில் டிசம்பர் என்றால் டிவியில் கிறிஸ்துமஸ் தொடர். முதல் தேதியிலிருந்து இருபத்து நான்குவரை தினம் ஒரு பகுதி. அந்த நேரத்தில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஃபோன் செய்பவர் ஜென்ம விரோதி. எங்களுக்குப் பத்து வயதான வருஷம் சிஸல்தான் தூட்டி, சிவப்புத் தொப்பிக் குள்ளர்களில் கடைக்குட்டி. படப்பிடிப்பு ஜூலையில் நடந்தது. நாங்கள் கடலில் குதித்துக்கொண்டிருந்தோம். அவள் கம்பளி உடுப்பில் வெந்துகொண்டே, உருளைக்கிழங்குத் தூளைத் தூவிய பொய்ப் பனியில் குளிரால் நடுங்குவதாக நடித்தாள்.

குள்ளர்களின் நட்சத்திரத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்பது கதை. சமையல்காரர், கடிகாரக் கிழவர் என்று எல்லார்மேலும் சந்தேகம். கடைசி நாளில்தான் திருடன் முகமூடியைக் கழற்றுவான். "இருபத்து நாலாம் தேதிவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது," என்று இயக்குநர் போதில் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் சிஸல் என் காதைப் பிடித்து இழுத்தாள்.

"சமையல்காரர்தான்டி திருடன். யார்கிட்டயாவது சொன்னே, என் கதை முடிஞ்சுது."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

டிசம்பரில், தொடர் பாதி ஓடுவதற்குள், ஒரு பத்திரிகை அதைப் போட்டு உடைத்துவிட்டது: திருடன் சமையல்காரர். மறுநாள் பள்ளி வாசலிலேயே பெரிய வகுப்புப் பையன்கள் சிஸலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏய் ஓட்டவாய்! எங்க கிறிஸ்துமஸையே கெடுத்துட்டியே!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். டிசம்பர் பதிமூன்றாம் தேதி பள்ளியில் நடக்கும் லூசியா விளக்கு ஊர்வலத்தில் நாங்கள் ஜோடியாக மெழுகுவத்தி ஏந்த வேண்டியவர்கள். அதிலும் அவள் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். வாயே திறக்காத எனக்கு இந்த மரியாதை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானாகப் போய், "நான் சொல்லலைடி," என்று கெஞ்ச ரோஷம் விடவில்லை. அவளோ போதில் தன்னை விரட்டிவிடுவாள், நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தன்னைச் சபிப்பார்கள் என்று தினமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இருபத்து நான்காம் தேதி வந்தது. அடுப்பில் வாத்து வெந்துகொண்டிருக்க, எங்கள் வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். திருடன் முகமூடியைக் கழற்றினான்.

கடிகாரக் கிழவர்! தூட்டி கண்ணை அகல விரித்து, "ஐயோ, நீங்களா!" என்றாள்.

பிள்ளைகள் அதிர்ச்சியடைவதைத் தனியாகத்தான் எடுப்பார்களாம். அவர்கள் எதிரே இருந்தது குச்சியில் கட்டிய டென்னிஸ் பந்து. "அது சமையல்காரர்னு நெனச்சுக்கங்க," என்று சொல்லி எடுத்துவிட்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கிழவர் முகத்தைப் படம்பிடித்து நடுவில் சேர்த்துவிட்டாள் போதில். பிள்ளைகளோடு பல வருஷம் பழகிய கைகாரி!

நான் நேராக ஃபோனுக்குப் பாய்ந்தேன்.

"பொய்க்காரி! சமையல்காரர்னுதானே சொன்னே? ஆகஸ்ட்லேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்டி. எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. கடைசில எல்லாம் டூப்பா?"

சிஸல் மெல்லக் கேட்டாள்:

"நீ... யார்கிட்டயுமே சொல்லலையா?"

"இல்லடி லூசு!"

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. எனக்கும் மூக்கு ஒழுகியது. எனக்கு என் சிஸல் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து அவள் அப்பா ப்ரேபனின் குரல் கேட்டது. பேக்கரி வைத்திருப்பவர். மகளுக்கு வசனமெல்லாம் படித்துக் காட்டியவரும் அவர்தான். மனைவியிடம் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி பேசினார்.

"அப்பாடா, தப்பிச்சேன்! ரொட்டி வாங்க வந்த பத்திரிகைக்காரன்கிட்ட நான் உளறினது பொய்யாப் போச்சு பாரு!"

"மைக்கன்," என்றாள் சிஸல் நிதானமாக. "நீ ஃபோனை வை. இங்க ஒரு ஆளைக் கொல்ல வேண்டியிருக்கு."