பிடுங்கிய ஆணி

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களைக் கெஞ்சுவதற்காக நான் இதை எழுதவில்லை.

பேய் என்றால் ராத்திரி, புளியமரம், கொலுசுச் சத்தம் என்று நினைத்து வந்திருந்தால், அதெல்லாம் இதில் கிடையாது. இது பட்டப்பகல். பெரிய வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். சுற்றிலும் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

என் பெயர் ஜெஸ்லின். பி.எஸ்சி. பிசிக்ஸ். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். தம்பானூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வீடு கரமனையில், ஆற்றோரம், இரண்டு அறை. நானும் அம்மா சரோஜமும் மட்டும். அப்பா தாசையன் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கிற ஷட்டரிங் வேலை. இடுப்பில் பெல்ட் இல்லை.

ஏன் பெல்ட் இல்லை என்று போலீஸ் கேட்டது. மேஸ்திரி செல்வமணி பதில் சொன்னார். "குடிச்சிட்டு ஏறினான் சார். கட்டச் சொன்னேன், கேக்கல்ல."

அப்பா ஞானஸ்நானம் எடுத்து அப்போது பதினோரு வருடம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. சபைக்கே தெரியும். ஆனால் செல்வமணி எங்கள் சபையின் மூப்பர். மார்த்தாண்டம் பக்கமிருந்து வந்த பாதிப் பேருக்கு வேலை கொடுப்பவர். அவர் சொன்னதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. சவப்பெட்டி வீட்டில் இருக்கும்போதே, "பழைய பழக்கம் விடுமா?" என்று அம்மாவின் காதில் விழுகிற மாதிரி பேசினார்கள். அன்றிலிருந்து அம்மா சபையில் கடைசி வரிசை. தலை நிமிர்ந்து பாடி நான் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா குடிக்கவில்லை என்று அந்த ஆள் வாயால் எல்லார் முன்னாலும் வர வேண்டும்.

போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் செல்வமணி எழுந்து சாட்சி சொன்னார். அழுதார். அவருடைய பாவமெல்லாம் இயேசுவின் இரத்தத்தால் கழுவப்பட்டுவிட்டதாம். அவருக்குப் பதில் இன்னொருவர் செத்துவிட்டாராம். வெளியே அவர் செருப்பு மாட்டும்போது போய் மறித்தேன்.

"எந்தப் பாவம் மாமா?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது மோளே."

"மாடியிலேருந்து விழுந்தது ஆண்டவரில்ல. எங்க அப்பா."

அம்மா என் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போனாள். வழி முழுக்கத் திட்டு. "ஆண்டவரே மன்னிச்சாச்சாம். பின்ன நீ ஆரு புள்ளே, பெரிய ஜட்ஜியா?"

மன்னிக்கட்டும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மன்னிக்கட்டும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளி அன்று ஒவ்வொருவரும் தன் பாவத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, சிலுவையில் ஆணி அடிக்க வேண்டும். வந்துபோகிறவர்களில் பாதிப்பேர் ஷட்டரிங்காரர்கள், அதனால் சிலுவையும் ஷட்டரிங் பலகைதான். சிமென்ட் கறையோடு இருக்கும். மூன்று மணிக்கு அதை அப்படியே பின்பக்கம் தூக்கிப்போய் எரிப்பார்கள். எழுதியதை யாரும் படிக்கக் கூடாது. அடித்த ஆணியை யாரும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அந்தப் பாவம் மறுபடி அவன் தலைக்கே போகும் என்பார்கள்.

இந்த வருடம் காகிதமும் ஆணியும் கொடுக்கிற பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று உங்களுக்கே புரியும்.

காலை பதினொன்றே கால். ஜெபக்கூடத்துப் பின்வாசல் பக்கம் உட்கார்ந்து மஞ்சள் சார்ட்டைத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒன்றுக்கு மட்டும் ஒரு மூலையை நறுக்கினேன். அது செல்வமணிக்கு.

பன்னிரண்டுக்கு ஆராதனை தொடங்கியது. தகரக் கூரை. ஏப்ரல் வெயில். ஃபேன் சூட்டைத்தான் இறைத்தது. முன்வரிசையில் செல்வமணியின் இடம் காலி. அவர் மனைவி அஜிதாவையும் காணோம். வராமல் தப்பிக்கிறானா?

இயேசு சிலுவையில் தொங்கியபடி சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பாஸ்டர் ஜெபசிங் பிரசங்கம் பண்ணினார். முதல் வார்த்தையே மன்னிப்பு. நான் கேட்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு இருபதுக்கு ஆணி அடிக்கிற வரிசை தொடங்கியது. டொக். டொக். டொக். ஒவ்வொருவருக்கும் மூன்று அடி.

இரண்டு முப்பத்திரண்டு. நிமிர்ந்தேன். செல்வமணி நின்றுகொண்டிருந்தார்.

வந்ததைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை, பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இடது கையின் மேல் பஞ்சும் பிளாஸ்திரியும். அங்கே எல்லாருக்கும் வியர்வை ஆறாக ஓடியது. அவர் முகம் மட்டும் உலர்ந்திருந்தது... சுவர் மாதிரி.

மூலை நறுக்கிய காகிதத்தை நீட்டினேன்.

"உள்ளபடி எழுதுங்க," என்றேன்.

"இன்னைக்கு உள்ளபடிதான்."

குரல் ரொம்பத் தள்ளி இருந்து வந்த மாதிரி இருந்தது. சுவரில் வைத்து எழுதினார். மடித்தார். கை நீட்டினார்.

"ஆணி பெருசா தா மோளே. களண்டு போயிரக் கூடாது."

மூன்று இஞ்ச் ஆணி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் கலைச்செல்வி அக்கா என் தோளைத் தட்டினாள்.

"ஏ, ஆருக்குப் புள்ளே நீட்டுற? நான்தானே இங்க நிக்கேன்."

"மாமா அடிச்சு முடிக்கட்டும்."

"எந்த மாமா? வெயில்ல கிறங்கிட்டியா?" என்று சிரித்தாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

அவர் சுத்தியலை ஓங்கினார். அப்போதுதான் அதைக் கவனித்தேன். சுத்தியல் ஆணியில் படும்போது சத்தமே இல்லை. கை மேலே போகும்போது சத்தம் வந்தது.

டொக்.

நான் பிசிக்ஸ் படித்தவள். நாலடி தூரத்தில் சத்தம் பிந்தாது.

டொக்.

பிந்தவே பிந்தாது...

டொக்.

இரண்டு முப்பத்தி நான்கு. அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு வருடத்தில் அந்த முகத்தில் நான் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்துவிட்டால் தீர்ந்ததா உனக்கு?

கலைச்செல்வி அக்கா அவர் நின்ற இடத்திலேயே போய் நின்றாள். அவர் விலகியதை நான் பார்க்கவில்லை. வாசலில் எட்டிப் பார்த்தேன். வெயில். செருப்புகள். யாருமில்லை.

இரண்டு நாற்பத்தாறு. மௌன ஜெபம். எல்லாரும் முழங்காலில், கண் மூடி. பத்து நிமிடம்.

எழுந்தேன்.

சிலுவையில் அந்த நறுக்கிய மூலை தெரிந்தது. சுத்தியலின் பின்பக்கப் பிளவை ஆணித் தலைக்குக் கீழே கொடுத்து நெம்பினேன்.

வரவில்லை.

பலகையில் காலை ஊன்றினேன். கிரீச்... ஆணி கொஞ்சம் வந்தது. உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி மறுபடி போனது. அப்பாவை நினைத்துக்கொண்டேன். நெம்பினேன்.

கிரீ...ச்.

ஒருவர் கூடக் கண் திறக்கவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு.

திரும்பினேன். யாருமில்லை.

மூச்சு நிற்கவில்லை. இழுத்து... இழுத்து...

முழு பலத்தோடு ஒரே நெம்பு.

ஆணி வந்துவிட்டது.

மூச்சு நின்றது.

சுவர்க் கடிகாரம். இரண்டு ஐம்பத்திரண்டு.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பிரித்தேன். இடதுபக்கம் சாய்கிற எழுத்து. ஆள் வேண்டும் என்று அவர் சைட்டில் எழுதி ஒட்டுகிற நோட்டீசில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து.

"தாசையன் குடிச்சிருக்கல்ல. பெல்ட் ஒண்ணு குறவு. கட்டாம ஏறச் சொன்னது நான். போலீசில் சொன்னது பொய். செல்வமணி."

அழுதேன். சிரித்தேன். இரண்டும்தான்.

மூன்று ஐந்துக்குச் சிலுவையை எரித்தார்கள். கஞ்சியும் பயறும் பரிமாறத் தொடங்கினார்கள். பாஸ்டரின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"செல்வமணி மூப்பர் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்றேன். எனக்குப் புரியவில்லை.

"இறந்துட்டாரும்மா. காலையில ஒம்பதரைக்கே நெஞ்சுவலி. ஐசியுவில சேர்த்திருந்தாங்க. ஆராதனை முடியட்டும்னு நான் ஆரிட்டயும் சொல்லல்ல."

"இப்பதானே இங்க நின்னாரு?"

பாஸ்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்மாவிடம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிள்ளைக்கு வெயில் பிடிச்சிருக்கு," என்றார். கலைச்செல்வி அக்காவைக் கேட்டேன். அம்மாவைக் கேட்டேன். அவரை யாரும் பார்க்கவில்லை. ஒருவர்கூட.

காகிதம் என் பையில் இருந்தது. பதினொன்றே காலுக்கு நான் என் கையால் வெட்டிய காகிதம்.

அடக்கம் முடிந்த பிறகு அதைப் பாஸ்டரிடமும் அஜிதா அத்தையிடமும் காட்டினேன். கீழே கிடந்தது என்று சொன்னேன். பிடுங்கியதைச் சொல்லவில்லை. அத்தை ஒரே பார்வையில், "அவரு எழுத்துதான்," என்றாள். முன்னாடியே எழுதி யாரிடமாவது கொடுத்து விட்டிருப்பார் என்று பாஸ்டர் அவராகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்.

"இது எரிஞ்சிருக்க வேண்டியது ஜெஸ்லின்."

"எரிஞ்சிருந்தா எங்க அப்பா இன்னும் குடிகாரன் பாஸ்டர்."

அவர் காகிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு சபையில் வாசித்தார். அம்மா கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கும்வரை நின்றாள். "கேட்டியளா?" என்று மட்டும் கேட்டாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அஜிதா அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உள்ளது வெளிய வந்துது. நல்லது. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் உறங்கல்ல. நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்."

"சொல்லுங்க அத்தே."

"மத்தியானம் முழுக்க மோசமாத்தான் கெடந்தாரு. கண்ணே தொறக்கல்ல. ரெண்டரை கழிஞ்சு திடீருன்னு எல்லாம் நேராச்சு. நர்ஸ் என்னை உள்ள விளிச்சா. டாக்டரும் சொன்னாரு, பேடிக்க வேண்டாம், தப்பிச்சாச்சுன்னு. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்து சிரிச்சாரு. 'அடிச்சாச்சு அஜிதா, இனி ஒண்ணுமில்ல'ன்னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. கையைப் பிடிச்சிட்டு இருந்தேன்."

அத்தை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரந்தான். பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கிச்சு. கட்டில் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு உன் பேரைச் சொல்லி அலறினாரு. 'ஜெஸ்லின், பிடுங்காதே, பிடுங்காதே'ன்னு. அதோட போச்சு. அங்க உள்ள கடிகாரத்தைப் பாத்தேன். ரெண்டு ஐம்பத்திரண்டு."

அத்தை என் முகத்தையே பார்த்தாள்.

"நீ என்னத்தைப் பிடுங்கின புள்ளே?"