கைக்கு வந்த சுக்கான்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்தவளின் வணக்கம். அண்ணனைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. விமானம் கட்டினார், விழுந்தார், பறந்தார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். கூட இருந்து பார்த்தவள் நீதானே, நடந்ததை நடந்தபடி எழுது என்று அம்மா சொன்னார்கள். நடந்தவற்றில் என் தவறும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தோவாளையை அடுத்த எங்கள் சிற்றூரில். அப்பா நெல் வியாபாரம் செய்தவர். அண்ணனுக்குப் பதினாறு வயதானபோது அப்பா காலமானார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு நாகர்கோவிலில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெங்களூருக்குப் போய், விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். பழுது நீக்கிய விமானத்தைச் சோதிக்க மேலே கொண்டுபோகும் விமானிகள் அண்ணனையும் ஏற்றிச் சென்று, சில நேரம் ஓட்டவும் கொடுப்பார்களாம். அதே பட்டறையில்தான் ஒரு நாள் சங்கிலியில் தொங்கிய எஞ்சின் நழுவி அவருடைய இடது பாதத்தின்மேல் விழுந்தது. எலும்பு கூடியது. ஆனால் அதன்பின் கணுக்கால் மடங்கவேயில்லை. 1947-இல் ஊன்றுகோலோடு ஊர் திரும்பினார்.

வந்த சில மாதங்களில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். பகலில் லாரிகளுக்கு வேலை செய்வார். மாலையில் பட்டறையின் பின்புறம் விமானம் வளர்ந்தது. பெங்களூரில் அவரோடு மரவேலை பார்த்த மரியநேசன், கடலோரக் கடியபட்டணத்துக்குத் திரும்பி மீன்பிடி வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார். ஓய்ந்த நாட்களில் அவர் வந்து உடலையும் சிறகுகளையும் மரத்தில் செய்து கொடுத்தார். போருக்குப் பின் ஏலத்தில் வந்த சிறிய எஞ்சின் ஒன்று கிடைத்தது. சிறகின்மேல் இழுத்துக் கட்டிய துணியை அம்மாவும் நானும் தைத்தோம். மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின.

விமானத்தில் வலது கையில் பிடிக்கும் கோலை ஸ்டிக் என்பார்கள். அது மூக்கை ஏற்றி இறக்கும், சிறகைச் சாய்க்கும். வால் பக்கத்துச் சுக்கானைத் திருப்புவது கால்கள். இடது பெடலை மிதித்தால் இடப்பக்கம், வலது பெடலை மிதித்தால் வலப்பக்கம். அண்ணனின் இடது கால் மிதிக்காது. ஆகவே வலது பெடலில் ஒரு தோல்வார் தைத்து, அதற்குள் பாதத்தை நுழைத்து, ஒரே காலால் தள்ளவும் இழுக்கவும் பழகினார்.

பங்குனியில் ஊர்க் குளம் வற்றித் தரை இறுகியதும் வெள்ளோட்டம். பறப்பதற்கு அனுமதி கேட்டு அண்ணன் விமானத் துறைக்கு எழுதியிருந்தார். அதிகாரி வந்து பார்த்த பிறகே சொல்ல முடியும் என்று பதில் வந்திருந்ததால், தரையோடு ஓட்டிப் பார்ப்பதாக மட்டும் ஏற்பாடு. பாதிக் குளம் ஓடியபோது ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று பக்கவாட்டில் அடித்தது. வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. அண்ணன் காலை இழுத்தார். வார் நழுவியது. விமானம் சுழன்று குளத்தங்கரையில் மோதி ஒரு சிறகு ஒடிந்தது. நெற்றி கிழிந்து இரத்தம் வழிய அண்ணனைத் தூக்கி வந்தார்கள்.

அந்த மாதந்தான் எனக்கு ஒரு வரன் பேசி முடிவாகும் நிலையில் இருந்தது. மூன்றாம் நாள் அவர்களிடமிருந்து ஆள் வந்தது. அண்ணனுக்குக் கிறுக்கு என்றால் தங்கையை எப்படி எடுப்பது என்று கேட்டார்களாம்.

கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்த அண்ணனிடம் போய் நான் சொன்னேன்:

“எனக்க கலியாணமும் போச்சு. நேரா நடக்க முடியாத காலுக்குப் பறக்கணும்ன்னு என்ன ஆசை?”

அண்ணன் கோபப்படவில்லை. “நீ சொல்லது சரிதான் பிள்ளே,” என்றார். அவ்வளவுதான். எழுந்து நடமாடியதும் விமானத்தை ஓலைகொண்டு மூடினார். அந்தப் பக்கமே போகவில்லை. அம்மா நிம்மதியாக இருந்தார்கள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

ஆவணியில் மரியநேசன் வந்தார். ஓலையை விலக்கிப் பார்த்துவிட்டு நேராக அண்ணனிடம் வந்து உட்கார்ந்தார்.

“ஓய், கடல்ல நாங்க சுக்கானைக் கையாலயாக்கும் பிடிக்கோம். நீரு எதுக்குக் காலைக் கெட்டிப் பிடிச்சிட்டு நிக்கீரு?”

“வலது கையில ஸ்டிக். இடது கையில எஞ்சின் முடுக்குத கம்பி. மூணாவது கைக்கு எங்க போவ மரியநேசா?”

“எஞ்சினை வலது காலுக்குக் குடும். மோட்டார் காருல அப்பிடித்தானே?”

அண்ணன் என்னைப் பார்த்து, “பிள்ளே, ஒரு தாளு கொண்டா,” என்றார். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

பெடல்கள் இரண்டையும் கழற்றினார். இருக்கையின் இடப்புறம் ஒரு கைப்பிடி வைத்து, அதிலிருந்து கப்பிகள் வழியாக வால்வரை கேபிள் இழுத்தார். வலது காலுக்கு லாரியிலிருந்து எடுத்த ஒரு பெடல் எஞ்சினுக்காக வந்தது. கேபிளை மிக முறுக்கினால் கைப்பிடி அசைய மறுத்தது. தளர்த்தினால் சுக்கான் ஆடியது. விரலால் கேபிளைச் சுண்டிப் பார்ப்பார், அரைத் திருகு விடுவார், மறுபடி சுண்டுவார். இதிலேயே ஒரு வாரம் போயிற்று.

ஒன்று மட்டும் தீராமல் நின்றது. கைப்பிடியை முன்னால் தள்ளினால் மூக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? மரியநேசன் வள்ளத்தின் கணக்கில் ஒன்று சொன்னார். அண்ணனின் கணக்கு வேறாக இருந்தது. கடைசியில் என்னை இருக்கையில் ஏற்றிவிட்டு அண்ணன் எதிரில் நின்றார்.

“யோசிக்காத மக்கா. இடது பக்கம் திரும்பணும். ஒனக்க கை தானா எங்க போவுது?”

கை தானாகவே கைப்பிடியை என் பக்கம் இழுத்தது. வண்டிமாட்டின் இடது கயிற்றை இழுப்பதுபோல.

“அப்பம் அதுதான்,” என்று சொல்லிவிட்டுக் கேபிள்களை மாற்றிக் கட்டினார்.

அங்கே உட்கார்ந்தபடியே, “அண்ணா, அன்னைக்கு நான் சொன்னது…” என்று தொடங்கினேன்.

“அந்தக் கைப்பிடி எட்டுதா, இன்னும் கொஞ்சம் பக்கத்துல வைக்கணுமா, அதைச் சொல்லு,” என்றார்.

அடுத்த சித்திரையில், காற்று எழும் முன் காலையில், விமானத்தைக் குளத்துக்குள் தள்ளிக்கொண்டு போனோம். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். இரண்டு முறை தரையோடு போய்த் திரும்பினார். வால் சொன்னபடி கேட்டது. மூன்றாம் முறை சக்கரம் தரையை விட்டது. கரையைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு மேலே இடப்பக்கம் வளைந்து, மலையைப் பார்த்துப் போய், திரும்பி வந்து இறங்கினார். அம்மா என் தோளைப் பிடித்த பிடி மாலைவரை வலித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. என்னிடம் அவர் சொன்னது இதுதான்:

“வலப்பக்கம் கொஞ்சம் இழுக்கு பிள்ளே. ஒரு திருகு விடணும்.”

அனுமதி வரும் முன் பறந்தது தவறு என்று அவரே அதிகாரிக்கு எழுதித் தெரிவித்தார். அதிகாரி வந்து பார்த்தார், கைப்பிடியைத் திரும்பத் திரும்ப அசைத்துப் பார்த்தார், பாராட்டவும் செய்தார். ஆனால் சான்று இல்லாத மரத்தால் கட்டிய விமானத்துக்கு அனுமதி தரமுடியாது என்றார். அண்ணன் வாதாடவில்லை. எஞ்சினைக் கழற்றி இறக்கிவிட்டார். விமானம் பறந்த அன்று குளத்தங்கரையில் நின்று பார்த்தவர்களில் ஒருவர் மறு ஆண்டு என்னைப் பெண் கேட்டு வந்தார். அவரே என் கணவர்.

அதன்பின் அண்ணனின் பட்டறைக்கு வேறு விதமான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு கால் இழந்த லாரி டிரைவர், கை சூம்பிய நெசவாளி. அவரவர் உடம்புக்குத் தக்கபடி இயந்திரத்தை மாற்றிக் கொடுத்தார். சென்ற கார்த்திகையில் மஞ்சள் காமாலை கண்டு, இருபது நாள் படுக்கையில் கிடந்து, எங்களை விட்டுப் பிரிந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அந்த இருபது நாளும் இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவருக்கும், கட்டிக்கொண்டிருந்த வள்ளத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டிலருகில் இருந்த மரியநேசன் அண்ணாச்சிக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

புதுக்கடை ஊரிலிருந்து பஸ் மாறி வந்த தையற்காரி தங்கம்மைக்கும் நன்றி. இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்த அவருக்கு அண்ணன் கையால் ஓட்டும் தையல் இயந்திரம் அமைத்துக் கொடுத்தது, அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இறுதிச் சடங்கன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

“எல்லாரும் எனக்க காலைத்தான் பாப்பாவ. ஒங்க அண்ணன் எனக்க காலைப்பத்தி ஒண்ணும் கேக்கேல. கை எம்புட்டுத் தூரம் எட்டும்ன்னு மட்டும் கேட்டாரு.”