பெரிய காரில் பெண் பார்க்கப் போனது

இங்கிலாந்துக்கே திரும்பிப் போன ஒரு துரையிடம் நான் வாங்கிய கறுப்புக் கார், நுவரெலியாவிலிருந்த என் மரக்கறிக் கடையைவிட நீளம். நல்லது என்று பார்த்தால், பின் சீட்டில் மூன்று அத்தைமார் சேலை கசங்காமல் உட்காரலாம். கெட்டது, எனக்குத் தூக்கம் போயிற்று. பிரேக் பிடிக்குமா, பிடித்தால் விடுமா? ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு பெரிய கார் எதற்கு என்று ஊர் கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் காரில்தான் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் அத்தைமாரும் நானும் பெண் பார்க்கப் போனோம். மாதா கோயில் திருநாளில் நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த பெண். அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு முன்னால் கார் நின்றது. வழியில் நின்ற ஒருவர் மரியாதையாகக் குடையை மடக்கிக்கொண்டு, வழிவிட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டார். வரவேற்க யாரும் இல்லை. அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பெண்ணின் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனகினார். ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு எங்களுக்காக வீட்டில் இருந்தவர். காரைப் பார்த்ததும், கம்பெனியின் பெரிய துரை சோதனைக்கு வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்.

பெரிய அத்தை வாசலைத் தாண்டவில்லை. "டேய், சீக்காளி வீட்டுலயா சம்மந்தம்? காரைத் திருப்பு."

அடுப்படியிலிருந்து பெண் எட்டிப் பார்த்தாள். "அப்பா, எந்திரிங்க. தொரை இல்ல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க."

"தொரை இல்லாம இம்புட்டுப் பெரிய கார்ல எவன் வருவான்?" என்றது கம்பளி.

"இவரு வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறாரு அப்பா. தொரைக்கு இப்புடி வேர்க்குமா?"

கம்பளி விலகியது. ஆனாலும் அத்தை நம்பவில்லை. "திருப்புடா."

திருப்ப முடியவில்லை. ஒரு பக்கம் கல்லுக்கட்டு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. வேலை முடிந்து ஆட்கள் வந்து பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால்தான் உண்டு. பின்னேரம் வரை எல்லோரும் அந்தக் காம்பராவிலேயே இருந்தோம். முதல் தேத்தண்ணியை அத்தை தொடவில்லை. இரண்டாவதைக் குடித்தார். மூன்றாவதோடு, அவரே பெண்ணின் அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆட்கள் வந்ததும் பெண்ணின் அப்பா முதல் ஆளாகப் போய்க் காரைப் பிடித்துத் தூக்கினார். "பாத்தீங்களா சம்மந்தி? எனக்கா காச்சல்?"

ஆட்களோடு வந்த, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கேட்டார்: "அப்ப காலையில பெரட்டுல சொன்னது?"

காரைப் பிடித்தபடியே அவர் மறுபடியும் முனகத் தொடங்கினார். கண்டாக்கே சிரித்துவிட்டார். அத்தை சிரித்த சிரிப்பில் சம்மந்தம் முடிவாயிற்று.

புறப்படும்போது மாமனார் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"கல்யாணத்துக்கு, தொரைமாரு ஏறாத லாரியில வாங்க மாப்பிள்ள."