குறுக்கே கிடந்த கொப்பு

எனக்கு லாரி என்றால் பயம். வேலந்தாவளம் ரோட்டில் ஒரு டிப்பர் லாரி என் சைக்கிள் கைப்பிடியை உரசிக்கொண்டு போன நாளிலிருந்து, பின்னால் ஹார்ன் கேட்டாலே இறங்கி ஓரத்தில் நின்றுவிடுவேன். சைக்கிளை விற்றுத் தொலைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மகள்தான் விடவில்லை. அவளுக்கு அப்போது இருபது வயது, கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். "வண்டியே வராத ரோட்டுல ஓட்டலாம்மா, அதுக்குன்னே சைக்கிள் இருக்குது" என்று சொல்லித் தடித்த டயர் போட்ட கிராவல் சைக்கிள் இரண்டை வாங்க வைத்தாள்.

எங்கள் ஊர் வடகரப்பதி. நாங்கள் தென்னந்தோப்புக்காரர்கள். லீவுக்கு அவள் வரும்போதெல்லாம் வாய்க்கால் மேட்டு மண்பாதையில் ஓட்டுவோம். அங்கே ஒரே தொந்தரவு தென்னை மட்டைதான். காற்றடித்தால் பாதை நெடுக மட்டை விழுந்து கிடக்கும். முன்னால் போகிறவர் இறங்கி அதை இழுத்து ஓரத்தில் போட வேண்டும், பின்னால் வருகிறவர் நம்பி வேகமாக வரலாம் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. ஏற்பாடு என்று சொல்வதே அதிகம். தோப்பில் வளர்ந்தவர்களுக்குப் பாதையில் மட்டை கிடந்தால் கை தானாகப் போகும். "ஆத்தாளும் மகளும் சைக்கிள் ஓட்டப் போறீங்களா, மட்டை பொறுக்கப் போறீங்களா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

மேட்டுப் பாதை அவளுக்குச் சலித்துப்போனது. மலை ஏற வேண்டும் என்றாள். காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறுப் பக்கம் போனோம். ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் போகும் ஜல்லிப் பாதை அது. ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் ஓடை. பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. கேட்டில் இருந்த காவல்காரரிடம் அனுமதி கேட்டபோது, "ஆன உண்டு, சூக்ஷிச்சுப் போணும்" என்று மலையாளத்தில் எச்சரித்தார். யானை இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்கிறார். வருகிற எல்லோரிடமும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன். லாரி இல்லை, பஸ் இல்லை, ஒரு பைக் கூட இல்லை. எனக்கு அது போதும்.

இரண்டு கிலோமீட்டர் ஏறியிருப்போம். மகளின் பின் டயர் பஞ்சர். "நீ மெதுவா ஏறிட்டே இரும்மா, நான் வேற டியூப் மாட்டிட்டு வந்து உன்னையப் புடிச்சுக்கறேன்" என்றாள். ஏற்றத்தில் நான் நத்தை. அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். கிளம்பிவிட்டேன்.

தனியாக ஏறும்போதுதான் அந்த அமைதி உறைத்தது. சைக்கிளும் சத்தம் போடவில்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. காரணமில்லாமல் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். இத்தனை வயதில் எதற்கு இந்தப் பயம் என்று என்னையே திட்டிக்கொண்டு மிதித்தேன்.

அடுத்த வளைவில் பாதைக்குக் குறுக்கே மூன்று தைலமரக் கொப்புகள் கிடந்தன. இலை வாடவில்லை. வெட்டுவாய் பளிச்சென்று இருந்தது. மூன்றும் வரிசையாகக் கிடந்தன. காற்றில் விழுகிற கொப்பு வரிசையாக விழாது. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. மகள் வேகமாக வருவாள், சக்கரத்தில் சிக்கினால் விழுந்து வைப்பாள் என்பதுதான் என் நினைப்பு. இறங்கினேன். மூன்றையும் இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ஏறினேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் தலைக்கு மேலிருந்து "ஸ்ஸ்" என்று சத்தம். பாறை மேல் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்து எடுக்கிறவர்கள். மூட்டைகள் பக்கத்தில் இருந்தன. ஒருத்தி கையை வேகமாக ஆட்டினாள்.

"சைக்கிளப் போட்டுட்டு மேல வாங்க. வெரசா வாங்க."

கையையும் காலையும் ஊன்றி ஏறினேன். முழங்கால் சிராய்த்தது. மேலே போனதும் ஒருத்தி என் தோளைப் பிடித்துத் திருப்பிக் கீழே காட்டினாள். நான் வந்த பாதை முழுக்க அங்கிருந்து தெரிந்தது. நான் கொப்பை எடுத்த வளைவுக்கு மேலே, அடுத்த வளைவுக்குள், ஓடைப் புல்லில் ஒற்றை யானை நின்றது. பாதையிலிருந்து பத்தடி கூட இருக்காது. அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன்.

"கொப்பு போட்டிருந்தோமே, பாக்கலையா?" என்று கேட்டாள் தோளைப் பிடித்திருந்தவள்.

"பாத்தனுங்க. எடுத்து ஓரமாப் போட்டுட்டனுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "எடுத்துட்டீகளா? ஆனை நிக்கிதுன்னு தானக்கா கொப்பு போடுறது. ஆனை போன பெறகு போட்டவுகதான் எடுக்கணும். வேற யாரும் தொடக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்னால யாரும் வாராகளா?" என்றாள்.

"எம் பொண்ணு."

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. கத்திக் கூப்பிட வாயைத் திறந்தேன். இன்னொருத்தி வாயைப் பொத்தினாள். "கத்தாதீக. மேல சத்தம் கேட்டா அது கீழ எறங்கும். ஒங்க பொண்ணு மேலதான் போயி முட்டும்." அவர்கள் நடக்கும்போது பேசிக்கொண்டே நடப்பார்களாம். மனிதர் வருவது தெரிந்தால் யானை விலகிவிடும். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். எந்த அமைதிக்காக இவ்வளவு தூரம் வந்தேனோ, அதுவே என் பிள்ளையை யானையின் காலடிக்குக் கொண்டுபோய் விடப்போகிறது.

அப்போது மூன்றாமவள் எழுந்தாள். என் வயதுதான் இருக்கும். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து யானையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். உதறிவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவள் பிடித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் மகளுக்காகப் போக வேண்டியவள் நான். போனவள் யாரோ. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கீழே அவள் பாதையில் இறங்கியதும், நான் ஓரத்தில் போட்ட கொப்புகளை இழுத்துப் பழைய இடத்தில் போட்டதும் தெரிந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பியது. அவள் செடிக்குள் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மகளின் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. ஒரு வளைவில் மறைந்து அடுத்ததில் வந்தது. கொப்புகளின் முன்னால் வந்து நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மகள் சைக்கிளைச் சாய்த்து வைத்தாள். குனிந்தாள். முதல் கொப்பை இழுத்து ஓரத்தில் போட்டாள்.

"வேண்டாம் கண்ணு" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொல்ல முடிந்தது.

இரண்டாவதையும் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டாள். நான் தட்டுவது போலவே. சைக்கிளில் ஏறி ஒரு மிதி மிதித்தாள். செடிக்குள்ளிருந்து அந்தப் பெண் எழுந்து, ஒரே பிடியாகச் சட்டையைப் பிடித்து அவளைச் சைக்கிளோடு செடிக்குள் சாய்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அரைமணி நேரம் கழித்து யானை ஓடையைக் கடந்து எதிர்ச் சோலைக்குள் போனது. அதன் பிறகே அவர்கள் இருவரும் ஏறி வந்தார்கள். மகளின் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெண் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே, "கொப்பு கெடந்தா எடுக்கக் கூடாது பாப்பா" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மற்ற இருவரும் பார்த்தார்கள். நானும் கொப்பை எடுத்ததை ஒருத்தியும் மகளிடம் சொல்லவில்லை. நான் சொல்லட்டும் என்று விட்டார்கள். கும்பிட்டேன்.

திரும்பும்போது கார் நான்தான் ஓட்டினேன். உடுமலை தாண்டியதும் மகள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நீ போனதுக்கு அப்பறம்தான் அந்தக் கொப்பப் போட்டிருக்காங்களாட்ட இருக்குதும்மா."

"ம்."

"நான் பாட்டுக்கு எடுத்துப் போட்டுட்டேன். எனக்குப் பின்னாடி யாராச்சும் வந்திருந்தா? நானே கொன்ன மாதிரிதானம்மா?"

"தெரியாமப் பண்ணுனதுதான கண்ணு. விடு."

"தெரியாமப் பண்ணுனாலும் செத்தவங்க செத்தவங்கதான."

ஒரு டிப்பர் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவள் என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்துவிடுவாளோ என்றுதான் பயந்துகொண்டு ஓட்டினேன்.