வெந்நீர் வள்ளம்

எங்கள் புங்குடுதீவு வளவில், வேப்பமரத்தடியில் ஒரு பழைய வள்ளம் கிடந்தது. மீன் பிடிக்க அல்ல, அம்மா குளிக்க.

அம்மாவின் முழங்கால் இரண்டும் வீங்கி, குந்தினால் எழும்ப முடியாமல் போயிருந்தது. கிணற்றடியில் குந்தியிருக்க முடியாதவருக்குத் தீவில் வேறு எங்கே குளியல்? புளியங்கூடல் பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்தார். நொச்சி இலை அவித்த வெந்நீரில் தினமும் இடுப்பளவுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைதான் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். இடுப்பளவு வெந்நீருக்கு நாங்கள் எங்கே போவது?

அப்பா மண்டைதீவுக்குப் போய், கடலுக்கு உதவாத வள்ளம் ஒன்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெடிப்புகளைத் தார் பூசி அடைத்தார். மறைப்புக்குச் சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு கட்டினார். பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, இந்தியாவுக்கோ வெளிக்கிடுறியள்?" என்று கேட்டார். அப்பா தலையை நிமிர்த்தாமல் அடுத்த கிடுகை இழுத்துக் கட்டினார்.

அவர் எப்போதும் அப்படித்தான். கல்யாணம் முடித்த நாள் முதல் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார், வந்த வேகத்தில் போவார். எண்பத்துமூன்று கலவரத்தில் கடையை எரித்த பிறகு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவும் அவரும் விருந்தாளிகள் போலத்தான் நடந்துகொண்டார்கள். "சாப்பிடுங்கோ." "ஓம்." அவ்வளவுதான் பேச்சு. பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் நாளே பெரிய கூத்து. நெல் அவிக்கிற கிடாரம் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டு, அப்பா பெருமையோடு வந்து நின்றார். அம்மா குசினிக்குள் திரும்பிப் பார்த்தார். குடங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன.

"நல்லதண்ணியெல்லோ இது! குடிக்கக் கொண்டந்து வைச்ச தண்ணியிலயோ என்னைக் குளிக்கச் சொல்லுறியள்?"

தெற்கே ஆற்றில் குளித்தே பழகிய மனிதர். நல்லதண்ணீர்க் கிணறு ஊரின் மறுகோடியில், குளிப்பதற்கு வீட்டுக் கிணற்றின் உவர்த்தண்ணீர்தான் என்பதையே மறந்துபோனார். அன்றைக்குக் குளியல் இல்லை. அந்த வெந்நீரில் தேத்தண்ணி போட்டு அயலுக்கெல்லாம் கொடுத்தோம்.

மறுநாள் முதல் பின்னேரங்களில் உவர்த்தண்ணீர் கொதித்தது. அம்மா குறுக்குக்கட்டோடு வள்ளத்துக்குள் இருப்பார். நான் வாளியால் வெந்நீர் ஊற்றுவேன். கிடுகுக்கு வெளியே அப்பா பனைமட்டையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருப்பார். முகம் பார்க்கத் தேவையில்லை என்பதாலோ என்னவோ, அவருக்குப் பேச்சு வந்தது. கடை வாசலில் ஓயாமல் பெய்யும் மழை, கடை எரிந்த அன்று அவரைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்த சிங்களக் குடும்பம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் முதன்முதல் எழும்பி நடந்து கோழிக்கூட்டில் முட்டுப்பட்டதை அம்மா சொன்னார். அப்போது அப்பா ஊரில் இல்லை.

"உண்மையாவோ?"

"ஓம் பின்னை! பிள்ளையின்ர நெத்தித் தழும்பைப் பாருங்கோவன்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நடுவில் வாளியோடு நிற்கிற எனக்கு, அந்தச் சிரிப்பைக் கேட்க அப்படியொரு சந்தோஷம்.

மாரி தொடங்கப்போகிற நேரம். அம்மாவை நான் வள்ளத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருக்கையில், கால் எப்படி என்று அப்பா வெளியிலிருந்து கேட்டார்.

"நல்ல சுகம். இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் முழுக்க மாறிடும்," என்றார் அம்மா.

அப்பா மட்டை பொறுக்கப் போனார். அம்மாவின் பாரம் முழுவதும் என் தோளில் விழுந்தது. முன்பை விடக் கூடுதலாகத்தான் இருந்தது.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ."

"கால் அப்பிடியேதான் கிடக்குது பிள்ளை. கொப்பருக்குச் சொல்லிப்போடாதை," என்றார். "பிறகு அந்த மனிசன் அடுப்பை நூத்துப்போட்டு எழும்பிப் போயிடும்."