திட்டக் கற்றுக்கொடுப்பவர்

மண்டியிட்டுத்தான் கணவருக்கு நாடக வசனம் சொல்லிக்கொடுக்கிறார் அக்கா. நின்றபடி சொன்னால் அவருக்கு ஒரு வரியும் ஏறுவதில்லை. தரையிலிருந்து அக்கா அண்ணாந்து பார்த்தால்தான் அவர் வாய் திறக்கிறது. அதனால் காய் நறுக்கும் பலகையும் இப்போது தரைக்கு வந்துவிட்டது.

"'விலை கொடுத்து வாங்குன கழுதை'ன்னு சொல்லுங்க."

"விலை கொடுத்து..."

"கழுதை. என்னையத்தான்."

என்னைப் பார்த்துச் சிரிப்பார். "என்னைத் திட்டுறதுக்கு நானே டியூஷன் எடுக்குறேன் தம்பி. இந்தக் கூத்து எங்கயாச்சும் உண்டா?"

நாடகத்தில் இரண்டே பேர்: அந்தக் காலத்துத் தோட்ட முதலாளி ஒருவன், அவன் விலைக்கு வாங்கி அறையில் பூட்டிவைத்த பெண். பதினான்கு ஆண்டுகளாக இவர்கள்தான் நடிக்கிறார்கள். விளக்கு என் பொறுப்பு. பகலில் அக்காவுக்குத் தையல் கடையில் வேலை. குண்டூசியைக் கடித்துக்கொண்டே நாடக முதலாளியின் வசவுகளை முணுமுணுப்பதால், வாடிக்கையாளர் கண்ணில் படாத மூலையில் அவருடைய மெஷினைப் போட்டிருக்கிறார்கள்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மூன்று ஆண்டுகளாக அண்ணனுக்கு நினைவு கரைகிறது. வீட்டில் அக்காவை யாரோ என்று நினைக்கிறார். சோறு போட்டால், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று கூச்சப்படுகிறார். மேடையில் மட்டும் "இங்க வாடி" என்று அதட்டுகிறார். அப்போது அக்காவின் தோள் லேசாகத் தளரும். நடுக்கத்தை நடிக்க மறந்துவிடுவார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துலயும் தடுமாறுனா வேற ஆளைப் போட்டுரலாம்க்கா" என்றார் இயக்குநர்.

"போடுங்க. அப்புறம் நான் அவருக்கு யாரு? வீட்ல அந்நியம். மேடைல அடிமை. அடிமைன்னாலும் அவரோட ஆளு."

மறுத்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அடிமைத்தனம் பற்றிக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. விளக்கு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, மதிய ஆட்டம். மூன்றாம் காட்சியில் முதலாளி அவளை முடியைப் பிடித்து இழுக்க வேண்டும். அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அக்கா உதடு அசையாமல் வரியை எடுத்துக்கொடுத்தார். இரண்டு முறை. அவர் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஏம்மா கீழ உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க."

அரங்கில் யாரோ இருமினார்கள். விளக்கை அணைக்கச் சொல்லி ஓரத்திலிருந்து இயக்குநர் கையசைத்தார். என் விரல் பொத்தான்மேல் இருந்தது. அணைப்பது உதவியா, துரோகமா என்று தெரியாமல் அப்படியே இருந்தது.

அக்கா கொண்டையை அவிழ்த்தார். முடியைத் திரட்டி அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.