திரும்பி நின்ற எஸ்

தெற்குக் கரோலினாவின் கடலோரத் தீவொன்றில் இறால் படகுக்காரரின் மகளாகப் பிறந்தவர் அல்தியா சிங்கிள்டன். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஏழாம் வகுப்புக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறார். நான் அடுத்த அறையில் அறிவியல் எடுப்பவள். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் பிள்ளைகளை மாவட்டத் தலைநகரின் அமெரிக்க உள்நாட்டுப் போர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போவார். துணைக்கு நானும் போவேன்.

அங்கே உள்ளங்கை அளவில் ஒரு பழைய புகைப்படம் உண்டு. இரும்புத் தகட்டில் எடுத்த படம். கறுப்பு இளைஞன் ஒருவன் சீருடையில் நிமிர்ந்து நிற்கிறான். அதன் கீழே இருந்த விளக்கச் சீட்டுதான் அல்தியாவின் வயிற்றெரிச்சல்: ‘விசுவாசமான வேலையாள். இடுப்புப் பட்டையில் எஸ்.சி., அதாவது தெற்குக் கரோலினா. தன் விருப்பத்துடன் எஜமானரோடு தென்படைக்குச் சென்றவர்.’

அடிமைமுறையைக் காக்கப் போரிட்டது தென்படை. விலைகொடுத்து வாங்கப்பட்டவனுக்கு ஏது ஐயா விருப்பம்? அடிமைப்படுத்தியதோடு நிற்கவில்லை, அதை அவன் விரும்பினான் என்று வேறு எழுதிவைத்தார்கள்! அல்தியா நான்கு ஆண்டுகளில் நான்கு கடிதம் போட்டார். நான்குக்கும் ஒரே பதில்: ‘ஆதாரம் இருந்தால் காட்டுங்கள்.’ அருங்காட்சியகம் கொடாக்கண்டன், அல்தியா விடாக்கண்டன். ஆனால் ஜூன் மாதம் அவருக்கு ஓய்வு. இந்த ஆண்டுப் பயணமே கடைசி.

மஞ்சள் பேருந்தில் ஏறியதும் தலைகளை எண்ணினார். இருபத்து மூன்று. கைப்பேசிகள் ஒரு பெட்டிக்குள் போயின. பின்னிருக்கையில் டேஷா வட்டக் கண்ணாடி ஒன்றைப் பார்த்து உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ணாடிய இங்க குடு."

"மிஸ், இது போன் இல்லயே!"

"போருக்குப் போன எவனும் லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டுப் போகல. குடு."

"நீங்க பாத்தீங்களா மிஸ்?" என்றான் கீஷான். பேருந்தே சிரித்தது. வட்டக் கண்ணாடி அல்தியாவின் கைப்பைக்குள் போனது.

இதுவரை சுவரில் உயரத்தில் தொங்கிய படத்தை இந்த ஆண்டு தாழ்வான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மேலே ஒரு பூதக்கண்ணாடியும் பொருத்தியிருந்தது. காப்பாளர் பெட்டிக்ரூ விளக்கச் சீட்டை மனப்பாடமாக ஒப்பித்தார். அல்தியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பூதக்கண்ணாடியில் முகத்தைப் புதைத்திருந்த டேஷா திடீரென்று சிரித்தாள். "மிஸ், இந்த ஆளு பொம்பள கோட்டு போட்டிருக்காரு! பொத்தான் என் கோட்டு மாதிரி அந்தப் பக்கம் இருக்கு."

"உன்னோடதத் திருடியிருப்பாரு," என்றான் கீஷான்.

"சும்மா இருடா. பட்டையில இருக்கற எஸ்ஸைப் பாரு. அதுவும் திரும்பி நிக்குது. ரெண்டாம் வகுப்புல நீ எழுதுவியே, அந்த மாதிரி."

அல்தியாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "தகட்டுப் படம்!" என்று கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. "தகட்டுப் படம் டேஷா! நேரா தகட்டுலயே விழற படம். கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலமா மாறித்தான் இருக்கும். நாலு வருஷமா ஆவணத்துல தேடினேனே, மடச்சி நான்! படத்தைப் பாக்கலியே!"

கைப்பையைக் கவிழ்த்தார். சாவி, பேனா, அவித்த வேர்க்கடலைப் பொட்டலம், கடைசியாக வட்டக் கண்ணாடி. அதை டேஷாவின் கையில் திணித்தார். அவள் பூதக்கண்ணாடிக்கு எதிரே அதைச் சாய்த்துப் பிடித்தாள். இருபத்து மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன.

"எஸ் நேராயிடுச்சு! ஆனா பின்னால போயிடுச்சு மிஸ்."

"முன்னால என்ன?"

"சி... இல்ல. சி பக்கவாட்டுலதான வாய் திறக்கும்? இது மேல பாத்துத் திறக்குது. யூ! யூ, எஸ்!"

அதற்குமேல் அந்தக் கூடத்தில் ஒழுங்கு என்று எதுவும் இல்லை. கீஷான் பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். யூ.எஸ். என்றால் அடிமைமுறையை எதிர்த்துப் போரிட்ட வடக்கின் ஒன்றியப் படையின் பட்டை! எஜமானுக்குப் பின்னால் போனவன் அல்ல. எஜமானுக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தவன்.

"அம்மா, குழுவுக்கு எழுதிப்போடுங்க," என்றார் பெட்டிக்ரூ. "ஜூன்ல கூடுவாங்க."

"ஆதாரம் கேட்டீங்க. இதோ இருக்கு, பாருங்க ஐயா."

"முறைன்னு ஒண்ணு..."

"நூத்தி அறுபது வருஷமா அந்த மனுஷன் எதிரிப் படையில நிக்கிறாரு. உங்களக் குனிஞ்சு பாக்கத்தான் சொல்றேன்."

குனிந்தார். கண்ணாடியைத் தானே வாங்கிப் பிடித்தார். நெடுநேரம் நிமிரவில்லை. அவர் காது மட்டும் சிவந்துகொண்டே போவதை நாங்கள் பார்த்தோம். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, சீட்டை உருவிக் கவிழ்த்தார். வெற்றுப் பக்கத்தை அல்தியாவிடம் நீட்டினார்.

"குழுவுக்கு நான் சொல்லிக்கறேன். என்ன எழுதணும்?"

"டேஷா, உன் கையெழுத்து நல்லாயிருக்கும். எழுது. ஒன்றியப் படைவீரர். பெயர் இன்னும் தெரியவில்லை."

எழுதி முடித்தவள் கையை நீட்டினாள். "என் கண்ணாடி?"

பெட்டிக்ரூ தயங்கினார். "அது இங்கயே இருந்தா நல்லது பாப்பா. வர்றவங்களுக்கும் தெரியணும்ல."

"அப்ப என் பேரு போடுங்க. டேஷா வாஷிங்டன் கொடுத்ததுன்னு."

"முதல்ல அந்த வீரரோட பேரக் கண்டுபிடிப்போம்," என்றார் அல்தியா. "ஜூன்லேருந்து எனக்கு வேற வேலை இல்ல. படைவீரர் பட்டியல் மூட்டை மூட்டையா கிடக்கு. சனிக்கிழமை சும்மாதான இருக்க, வா."

"சனிக்கிழமையா மிஸ்?" என்று சிணுங்கினாள் டேஷா. "எத்தன மணிக்கு?"